கண்ணுக்குத் தெரியாத உலோகத் தூளும் ஆய்வுகூடத்து எலிகளும்

'நனோ' என்ற சொல் எங்கள் நாவுலப் பக்கத்து வீடுகளுக்குள் உரப் போத்தலோடுதான் வந்து சேர்ந்தது. 2021 ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு விவசாயிகள் தவித்துக் கொண்டிருந்த வேளையில், ஒக்டோபர் மாதம் இந்தியாவிலிருந்து நனோ நைட்ரஜன் திரவ உரம் விமானத்தில் ஏற்றி வரப்பட்டது. விளைச்சல் என்னாகும் என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்களின் கேள்வி வேறாக இருந்தது. "தெளித்த உடுப்பைக் கழுவுவது நாங்கள்தானே? பிள்ளை வயிற்றிலிருக்கும் நேரத்தில் இதனால் கேடு வராதா?"

அந்த உரம் உலோகத்தால் ஆனதல்ல. ஆயினும் சகோதரிகளே, கேள்வி மிகச் சரியான கேள்வி. அந்தச் சொல் இப்போது உரக்கடையோடு நிற்கவில்லை. வெயில் படாமல் பூசும் கிறீமில் நாக ஒட்சைட்டின் நனோத் தூள் இருக்கிறது. நாற்றம் வராது என்று விற்கப்படும் காலுறையில் வெள்ளியின் நனோத் தூள் இருக்கிறது. காயத்துக்குக் கட்டும் சில மருந்துத் துணிகளிலும் அதுவே. இவற்றால் உடனே தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று பார்ப்பது இலகு. உடம்பின் உள்ளே, பரம்பரை எழுதப்பட்டிருக்கும் இடத்திலே, கீறல் விழுகிறதா என்று பார்ப்பது எப்படி? அதற்காகத்தான் ஆய்வுகூடங்களில் எலிகளைக் கொண்டு சில சோதனைகள் செய்யப்படுகின்றன. நம்மைப் பற்றிய தீர்ப்புகள் அந்த எலிகளின் இரத்தத்தைப் பார்த்தே எழுதப்படுவதால், அவை எப்படி நடக்கின்றன என்பதை நாமும் ஓரளவு அறிந்து வைப்பது நல்லது.

அளவு மாறினால் குணம் மாறும்

ஒரு மீற்றரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நனோமீற்றர். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 முதல் 100,000 நனோமீற்றர் வரை. உலோகமொன்றை 100 நனோமீற்றருக்கும் குறைவான துகள்களாக்கினால் அதை நனோத் துகள் என்கிறார்கள்.

சமையலறையில் நிற்கும் உங்களுக்கு இதை விளங்கப்படுத்தச் சிரமமில்லை. கற்கண்டுக் கட்டி ஒன்றைத் தேநீரில் போட்டால் கரைய நேரமெடுக்கும். அதே எடையுள்ள சீனியைத் தூளாக்கிப் போட்டால் போட்டவுடனே கரைந்துவிடும். பொருள் ஒன்றுதான், தண்ணீரைத் தொடும் மேற்பரப்புத்தான் பல மடங்கு கூடிவிட்டது. உலோகமும் அப்படியே. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்பு பெருகுகிறது, அக்கம் பக்கத்திலுள்ளவற்றோடு அது புரியும் தாக்கமும் பெருகுகிறது. பெரிய துகள் நுழைய முடியாத கலத்துக்குள் சிறிய துகள் நுழைந்துவிடுகிறது. உள்ளே போய்ச் சில உலோகங்கள் கரைகின்றன. சில, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் தன்மையை ஒத்த ஒரு தாக்கத்தைக் கலத்தினுள் கிளப்பிவிடுகின்றன. அந்தத் தாக்கம் கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ. இழையைத் தொட்டால் இழை அறுகிறது.

அறுந்த இழை பெரும்பாலும் ஒட்டப்பட்டு விடுகிறது. அதற்கான ஏற்பாட்டை அல்லாஹுத்தஆலா ஒவ்வொரு கலத்திலும் வைத்திருக்கிறான். ஒட்டப்படாமல் போனதும் பிழையாக ஒட்டப்பட்டதும்தான் கவலைக்குரியவை. அவை பல வருடங்களின் பின் புற்றுநோயாகத் தலைகாட்டக் கூடும். முட்டையிலோ விந்திலோ கருவிலுள்ள சிசுவிலோ நிகழ்ந்தால் அடுத்த தலைமுறை அதைச் சுமக்க நேரும்.

வால்வெள்ளியும் நுண்கருவும்

இந்தியாவின் ஹைதராபாத் நகரிலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரம்ஜித் குரோவர், மஹ்பூப் ஆகியோரும் அவர்களது சகாக்களும் இத்தகைய பல ஆய்வுகளைச் செய்தார்கள். அவற்றுள் 2009 இல் வெளிவந்த ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். எடுத்துக்கொண்ட பொருள் அலுமினியம் ஒட்சைட்டு. ஒரே பொருளை மூன்று அளவில் எடுத்தார்கள்: 30 நனோமீற்றர் துகள், 40 நனோமீற்றர் துகள், மூன்றாவதாகச் சாதாரணப் பெரிய தூள். விஸ்டார் என்ற இனத்து வெள்ளை எலிகளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 500, 1000, 2000 மில்லிகிராம் என்ற கணக்கில் வாய் வழியாகக் கொடுத்து, இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

பார்த்த முறைகள் இரண்டு. முதலாவதற்கு வால்வெள்ளிப் பரிசோதனை என்று பெயர். இன்று எங்கும் வழங்கும் வடிவில் இதை 1988 இல் அமைத்துத் தந்தவர் அமெரிக்காவில் பணிபுரிந்த நரேந்திர பி. சிங் என்பவரும் அவரது குழுவினரும். எலியின் இரத்தக் கலங்களைக் கண்ணாடித் துண்டொன்றில் மெல்லிய பாசிக் கூழுக்குள் பதிக்கிறார்கள். நோன்பு காலத்தில் நாம் காய்ச்சி ஆற வைக்கிறோமே கடற்பாசி, அதைத் துப்புரவாக்கிப் பிரித்தெடுத்த பொருள்தான் அந்தக் கூழ்! பின் கலத்தின் மென்சவ்வைக் கரைத்துவிட்டு, எஞ்சியிருக்கும் டீ.என்.ஏ.யின் ஊடாக மின்சாரம் செலுத்துகிறார்கள். அறுபடாத இழை உருண்டையாக இருந்த இடத்திலேயே நிற்கும். அறுந்த துண்டுகள் மின்னால் இழுபட்டு நேர் முனைப் பக்கமாக ஓடும். சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தலையும் வாலுமாக வானத்து வால்வெள்ளி போலவே தெரியும். வாலில் எவ்வளவு அதிகமோ, சேதமும் அவ்வளவு அதிகம்.

இரண்டாவது நுண்கருப் பரிசோதனை. செங்குருதிக் கலம் என்பு மச்சையில் முதிரும்போது தனது கருவை வெளியே தள்ளிவிடும். டீ.என்.ஏ. முறிந்திருந்தால் ஒரு துண்டு பிந்தி உள்ளேயே தங்கிவிடும். கருவே இருக்கக் கூடாத கலத்துக்குள் ஒரு சிறு பொட்டு! அந்தப் பொட்டுகளை எண்ணுவதுதான் வேலை. இப்போதைய சர்வதேச வழிகாட்டி நெறிப்படி ஒரு எலிக்குக் குறைந்தது 4000 இளஞ்செங்குருதிக் கலங்களையாவது பார்க்க வேண்டும். சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு உரிய தொழில் அல்ல இது.

இரண்டு சோதனைகள் எதற்கு? வால்வெள்ளியில் தெரியும் அறுவை சில மணித்தியாலங்களில் ஒட்டப்பட்டு மறைந்துவிடக் கூடும். நுண்கரு அப்படியல்ல. கலம் பிரியும்வரை ஒட்டப்படாமலே போன சேதத்தின் அடையாளம் அது. முதலாவது, அடி விழுந்ததைக் காட்டுகிறது; இரண்டாவது, தழும்பு நின்றதைக் காட்டுகிறது.

இன்னொரு ஒழுங்கையும் சொல்ல வேண்டும். ஒரு தொகுதி எலிகளுக்கு உலோகம் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. வேறொரு தொகுதிக்கு டீ.என்.ஏ.யைச் சேதப்படுத்தும் என்று முன்பே தெரிந்த மருந்தொன்று கொடுக்கப்படும். அந்தத் தொகுதியிலும் சேதம் தெரியவில்லையென்றால் சோதனையிலேயே பிழை என்று அர்த்தம். எந்தக் கண்ணாடித் துண்டு எந்த எலியுடையது என்பது எண்ணுபவருக்குத் தெரியாது. பரீட்சை விடைத்தாளில் பெயரை மறைத்துச் சுட்டெண்ணை மாத்திரம் இடுகிறோமே, அதே நீதிதான். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

சரி, ஹைதராபாத்தில் என்ன கண்டார்கள்? நனோத் துகள் கொடுக்கப்பட்ட எலிகளில் கொடுத்த அளவு கூடக் கூட வாலும் கூடியது, நுண்கருவும் கூடியது. அதே அலுமினியம் ஒட்சைட்டைப் பெரிய தூளாக உண்ட எலிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமே இல்லை. பொருள் ஒன்று, எடை ஒன்று, எலியின் இனம் ஒன்று. வேறுபட்டது துகளின் பருமன் மாத்திரமே.

இதைப் படித்துவிட்டு அலுமினியச் சட்டியைத் தூக்கி வெளியே எறிந்துவிடாதீர்கள். ஒரு கிலோவுக்கு 2000 மில்லிகிராம் என்றால், 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் நனோத் தூளை ஒரே முறையில் 100 கிராம் விழுங்குவதற்குச் சமம். யாரும் அப்படி விழுங்கப் போவதில்லை. சோதனையில் கூடிய அளவு கொடுப்பதன் நோக்கம், தீங்கு செய்யும் தன்மை அப்பொருளில் இருக்கிறதா என்று அறிவதே. நம் வீட்டில் புழங்கும் சிறு அளவு எவ்வளவு தீங்கு செய்யும் என்பது வேறு கணக்கு. பத்திரிகைகளில் வரும் பரபரப்புச் செய்திகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

அதே ஹைதராபாத் குழுவினர் 2013 இல் இரும்பு ஒட்சைட்டைச் சோதித்தபோது 30 நனோமீற்றர் துகளாலும் சரி, பெரிய தூளாலும் சரி குறிப்பிடத்தக்க டீ.என்.ஏ. சேதம் தென்படவில்லை. ஆகவே 'நனோ என்றாலே நஞ்சு' என்பதும் பொய். 'காலாகாலமாகப் பாவிக்கும் உலோகம்தானே, நனோவாக்கினால் மட்டும் என்ன வரப்போகிறது?' என்பதும் பொய். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கத்தான் வேண்டும். ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. அண்ணன் நம்பகமான அறிவிப்பாளர் என்பதற்காகத் தம்பியின் அறிவிப்பையும் விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டதாக நமது இமாம்களின் சரித்திரத்தில் இல்லை.

பெண்ணும் சிசுவும்

உங்கள் கவனத்துக்கு உரிய சில முடிவுகள் வேறு இடங்களிலிருந்தும் வந்திருக்கின்றன. தென் கொரியாவில் 60 நனோமீற்றர் வெள்ளித் துகளை எலிகளுக்கு 28 நாட்கள் தொடர்ந்து கொடுத்த ஆய்வு 2008 இல் வெளியானது. என்பு மச்சையில் பரம்பரைச் சேதம் காணப்படவில்லை. ஆறுதலான செய்திதான். ஆனால் சிறுநீரகத்தில் வெள்ளி சேர்ந்த அளவு ஆண் எலிகளைவிடப் பெண் எலிகளில் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது! ஆண் எலிகளை மாத்திரம் வைத்துச் சோதித்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

இந்தியாவில் லக்னோ நகரிலுள்ள நச்சியல் ஆய்வு நிறுவனத்தில் சுண்டெலிகளுக்கு நாக ஒட்சைட்டு நனோத் துகளை 14 நாட்கள் வாய் வழியாகக் கொடுத்தார்கள். 2012 இல் வெளியான அந்த ஆய்வின்படி, கூடிய அளவாகிய கிலோவுக்கு 300 மில்லிகிராம் பெற்றவற்றின் ஈரலில் நாகம் சேர்ந்து டீ.என்.ஏ. சேதமும் ஏற்பட்டிருந்தது. வெயில் கிறீமில் உள்ளதும் இதே பொருள்தானே என்று கேட்பீர்கள். பொருள் அதுதான், ஆனால் தோலில் பூசுவதும் வயிற்றுக்குள் போவதும் ஒன்றல்ல. காயமில்லாத தோல் இத்துகள்களைப் பெரிதும் உள்ளே விடுவதில்லை.

2009 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் ஷீஸ்ட்ல் என்பவரின் ஆய்வுகூடம் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. கர்ப்பிணிச் சுண்டெலிகளின் குடிநீரில் டைட்டானியம் ஈரொட்சைட்டு நனோத் துகளைக் கலந்தார்கள். பிறந்த குட்டிகளின் கண்ணின் உட்படலத்தில் தோன்றும் நிறப் பொட்டுகளை எண்ணினார்கள். அந்த இனத்துச் சுண்டெலிகளில் டீ.என்.ஏ.யின் ஒரு குறிப்பிட்ட பகுதி கழன்று போனால்தான் அப்பொட்டு தோன்றும். துகள் கலந்த நீரைக் குடித்த தாய்களின் குட்டிகளில் பொட்டுகள் கூடியிருந்தன. குடித்தது தாய், சேதம் பிள்ளைக்கு.

டைட்டானியம் ஈரொட்சைட்டு வேறெதுவுமல்ல. பொருட்களுக்குப் பளிச்சென்ற வெண்மை தரும் பொடி. பற்பசையிலும், குளிசைகளின் வெள்ளைப் பூச்சிலும், சுவிங்கத்திலும், நிற நிறமான இனிப்புகளிலும் சேர்க்கப்பட்டு வந்தது. உணவுப் பொதிகளில் 'ஈ 171' என்றும் அழகுப் பொருட்களில் 'சீ.ஐ. 77891' என்றும் எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு பகுதித் துகள்கள் நனோ அளவிலானவை. பிரான்ஸ் 2020 ஜனவரி முதல் உணவில் அதை நிறுத்தியது. 2021 மே மாதம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, டீ.என்.ஏ.க்குச் சேதம் விளைவிக்காது என்று உறுதிசெய்ய முடியாதிருப்பதால் உணவுச் சேர்மானமாக இதைப் பாதுகாப்பானதெனக் கருத இயலாது என்று அறிவித்தது. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் உணவில் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. இதே ஆதாரங்களைப் பார்த்த கனடாவோ, தடை செய்யுமளவுக்கு முடிவான சான்று இல்லையென்று அதே ஆண்டில் கூறியது.

அறிஞர்களுக்கிடையே இத்தகைய கருத்து வேறுபாடு வருவது இயற்கை. எனது எண்ணத்தைக் கேட்டால், இது மருந்துமல்ல, போசாக்குமல்ல. மிட்டாய் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு பயனில்லாத ஒரு பொடிக்காகப் பிள்ளைகளின் மேல் சந்தேகத்தைச் சுமத்தத் தேவையில்லை. பெருநாள் தினத்தில் பிள்ளைகளுக்கு வாங்கும் இனிப்புப் பொதியின் பின்புறத்தை ஒரு முறை திருப்பிப் பார்ப்பதால் என்ன நஷ்டம்? வெளிநாட்டு அழகுப் பொருட்களையும் அப்படியே பாருங்கள். ஐரோப்பியச் சட்டப்படி 2013 ஜூலை முதல், நனோ வடிவில் சேர்த்த மூலப்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 'நனோ' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியாக வேண்டும். ஃபேஸ் கிறீம் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் அந்தச் சொல்லையும் தேடிப் பாருங்கள்.

பஸ்பத்தைப் பற்றியும் கேட்பீர்கள். யூனானியில் குஷ்தா என்றும் சித்தத்தில் பற்பம் என்றும் சொல்லப்படுபவை, உலோகத்தைப் பலமுறை புடமிட்டு எடுத்த தூள்கள். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இவற்றுள் பலவற்றில் நனோ அளவுத் துகள்கள் இருப்பது தெரிய வந்திருக்கிறது. பழைய ஹக்கீம்கள் நுணுக்கமான கைவினைஞர்கள் என்பதற்கு இது சான்று. அதற்காக, பரம்பரைச் சேதம் இல்லை என்பதற்கும் இதுவே சான்றாகிவிடாது. பத்து வருடம் கழித்து வரும் நோயை எந்த ஹக்கீமும் பத்து வருடத்துக்கு முன் சாப்பிட்ட பஸ்பத்தோடு தொடர்புபடுத்திப் பார்த்திருக்க முடியாதல்லவா? 2004 இல் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் தெற்காசியாவிலிருந்து வந்த 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14 இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. நமது நாட்டில் யூனானி, சித்தம், ஆயுர்வேதம் மூன்றுமே 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள். கர்ப்பமாக இருந்தால், பாலூட்டிக் கொண்டிருந்தால், அதை முதலில் சொல்லுங்கள். பெயரில்லாத போத்தலில் வரும் உலோக லேகியத்தை, அது எந்த ஊர்ப் பெரியவர் தந்ததானாலும், வாயில் வைக்காதீர்கள்.

வாயில்லாப் பிராணிகள்

இவ்வளவும் எலிகளின் செலவில் அறிந்தவை. பூனையொன்றைக் கட்டிவைத்து உணவு கொடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை ஹதீஸில் படித்த நாம், இதைப் பாராததுபோல் கடந்து போக முடியாது. தேவையிருந்தால் பிராணியைப் பயன்படுத்தலாம். வீணாக வதைக்க யாருக்கும் அனுமதியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013 இலும் இந்தியா 2014 இலும் அழகுப் பொருட்களுக்காகப் பிராணிகளில் சோதிப்பதைத் தடை செய்தபோது என் மனம் அதை வரவேற்றது. உதட்டுச் சாயத்துக்காக ஒரு உயிர் துடிக்க வேண்டியதில்லை.

உணவும் மருந்தும் வேறு. கலங்களைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துச் சோதிக்கலாம்தான். இன்று முதலில் அதையே செய்கிறார்கள். ஆனால் குழாயில் வயிறு இல்லை, ஈரல் இல்லை, கர்ப்பப்பை இல்லை. கொரியாவில் பெண் எலியின் சிறுநீரகத்தில் கூடுதலாகச் சேர்ந்த வெள்ளியைக் குழாய் காட்டியிருக்காது. விஞ்ஞானிகளுக்கும் இந்த உறுத்தல் இல்லாமலில்லை. 1959 இலேயே ரஸல், பேர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், முடிந்தால் பிராணிக்குப் பதில் வேறு வழி, முடியாவிட்டால் குறைந்த எண்ணிக்கை, அப்போதும் குறைந்த வேதனை என்று வகுத்துத் தந்தார்கள். இந்தியாவில் 1960 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவே இத்தகைய ஆய்வுகளை மேற்பார்வை செய்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறொரு விடயத்தில். ஒரே சோதனையை ஒழுங்காகச் செய்யாததால் மீண்டும் செய்வதும், துகளின் பருமனை அளந்து எழுதாமலே முடிவை வெளியிடுவதும், சேதமில்லை என்று வந்த முடிவைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் அந்த எலிகளை வீணாகக் கொன்றதற்குச் சமம்.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் இக்கட்டுரையால் கெடுதல் விளைந்துவிடும். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையும் உலோகம்தானே என்று யாரும் நிறுத்திவிடாதீர்கள். அது நனோத் துகளல்ல; வயிற்றில் கரைந்து இரத்தத்தில் சேரும் இரும்பு உப்பு. இரத்தச் சோகையோடு பிரசவ அறைக்குள் போவது தாய்க்கும் பிள்ளைக்கும் நிச்சயமான ஆபத்து. குளிசையைச் சாப்பிட்டதும் தேநீர் குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேர்வது குறைந்துவிடும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். வயிற்றுப் பிரட்டல் இருந்தால் குளிசையை அலுமாரிக்குள் ஒளித்து வைக்காமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.